‘ஆச்சா?’ என்று கேட்ட கம்ப்யூட்டர்

திருப்பூரிலிருந்து பீர் முகம்மது போன் செய்தபோது லேபில் எல்லோரும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். பீர் முகம்மது பனியன் கம்பெனி முதலாளி. கோபம் வந்தால் கத்துகிற ஆள் இல்லை. கோபம் ஏற ஏற மரியாதையைக் கூட்டிக்கொண்டே போவார். அன்றைக்கு அவர் பேச்சில் மரியாதை வழிந்தது.

“ஏனுங்க, அண்ணமார் லேபுங்களா? உங்க சர்ட்டிபிகேட்டு பேக்ஸ்ல வந்துதுங்க. ரொம்ப சந்தோசமுங்க. நான் வாங்கி வெச்சிருக்கற நூலுக்கு பலம் சைபர்னு போட்டிருக்கீங்க. அப்ப நான் இத்தன நாளா காத்துலதான் பனியன் ஓட்டிக்கிட்டு இருக்கறனுங்களா?”

போனை எடுத்தவள் எழில். “ஒரு நிமிசமுங்க, பாத்துச் சொல்றனுங்க” என்று சொல்லிவிட்டு, பிரிண்டர் துப்பிவைத்திருந்த நகலை எடுத்துப் பார்த்தாள். மனிதர் பொய் சொல்லவில்லை. நூலின் பலம் என்ற இடத்தில் சைபர், புள்ளி, அதற்குப் பிறகும் இரண்டு சைபர். யாருக்கும் சந்தேகம் வந்துவிடக் கூடாதே என்று கம்ப்யூட்டர் அத்தனை துல்லியமாகப் போட்டிருந்தது. அடியில், ‘இது கம்ப்யூட்டர் தானாகத் தயாரித்த சான்றிதழ், கையொப்பம் தேவையில்லை’ என்ற வரி. அந்த வரியை எழுதியவளும் எழில்தான்.

அந்த சாப்ட்வேர் முழுக்கவே அவள் எழுதியதுதான். கணபதியில் இருந்த அந்த லேபுக்கு, சுற்றுவட்டார மில்களும் திருப்பூர் பனியன் கம்பெனிகளும் நூல் கோன்களைச் சோதனைக்கு அனுப்பும். எந்தக் கோன் யாருடையது, அதற்கு என்னென்ன டெஸ்ட், எது முதலில், எது அடுத்து, பார்ட்டிக்கு எப்போது பதில் சொல்ல வேண்டும் என்பதெல்லாம் அதுவரை லேப் இன்சார்ஜ் ஆறுச்சாமியின் தொண்டையை நம்பித்தான் ஓடிக்கொண்டிருந்தது. அவர் இந்த மூலையிலிருந்து கூப்பிட்டால் அந்த மூலையில் வேலை நடக்கும். எழில் அதைக் கம்ப்யூட்டருக்குள் கொண்டுவந்தாள். ஒவ்வொரு பார்ட்டியின் வேலையும் ஒரு தனிக் கணக்கு. கோன் வந்ததும் அதற்கு ஒரு நம்பர் விழும். ஒரு டெஸ்ட் முடிந்ததும் அடுத்த டெஸ்ட்டுக்குத் தகவல் தானாகப் போகும். எல்லாம் முடிந்தால் சர்ட்டிபிகேட்டு தானாக அச்சாகும், மோடம் வழியாகத் தானாக பேக்ஸும் போய்ச் சேரும். தொண்ணூற்றாறாம் வருடத்தில், மெட்ராசுக்குச் சென்னை என்று பெயர் மாறிக்கொண்டிருந்த நாளில், கோயமுத்தூரில் இப்படி ஒன்றைப் பார்த்தவர்கள் குறைவு.

எழிலுக்கு இருபத்தைந்து வயது. சொந்த ஊர் கோபிசெட்டிபாளையம். பாலுசாமி என்பவர் கணபதியில் நடத்திய கம்ப்யூட்டர் சென்டரில், கல்யாணத்துக்குக் காத்திருக்கும் பெண்களுக்கும் வேலைக்குக் காத்திருக்கும் பையன்களுக்கும் டைப் அடிக்கக் கற்றுக்கொடுத்துச் சலித்துப் போயிருந்தாள். லேப் வேலை வந்தபோது, “நான் தனியாவே பண்ணிருவனுங்க” என்று அவளே கேட்டு வாங்கினாள். இது நிலைத்துவிட்டால் லேப் முதலாளி லட்சுமணசாமி தன்னுடைய இரண்டு மில்களின் லேபுக்கும் அவளையே எழுதச் சொல்வார். நிலைக்கவில்லை என்றால் பெங்களூர் கம்பெனி ஒன்றின் ரெடிமேட் பேக்கேஜ் வந்து உட்காரும். அவள் மறுபடியும் டைப் வகுப்புக்குப் போக வேண்டும். பெங்களூர்க்காரர்களின் பளபள புத்தகம் ஏற்கெனவே லட்சுமணசாமியின் மேசைக்கு வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை, லேபின் தரத்தைச் சோதிக்க ஐ.எஸ்.ஓ. ஆடிட்டர் வருகிறார். அவர் தலையாட்டினால் எழில், தலையை இப்படியும் அப்படியும் அசைத்தால் பெங்களூர்.

திறமையில் அவளுக்குச் சந்தேகம் இருந்ததே இல்லை. பெங்களூர்க்காரனுக்குத் தெரியாதது தனக்குத் தெரியும் என்பதில்தான் அவளுடைய முழுத் தைரியமும் இருந்தது. பேக்கேஜில் எல்லாம் இங்கிலீஷ். இவளுடைய திரையில், எழுத்துகள் ஆங்கிலம்தான் என்றாலும், படித்தால் நம்ம பேச்சு. டெஸ்ட் முடிந்ததா என்று கேட்க வேண்டிய இடத்தில் ‘ஆச்சா?’ என்று கேட்கும்படி போட்டிருந்தாள். ஆச்சு என்றால் ஒரு பட்டன், இல்லை என்றால் ஒரு பட்டன். லேபில் அத்தனை பேருக்கும் அது பிடித்துப்போனது. “ஏனுங்க அம்மணி, நம்மூர்ல பொறந்த கம்ப்யூட்டராட்ட இருக்குதே” என்று ஆறுச்சாமி சிரித்த சிரிப்பை அவள் ஒரு வாரம் மனதில் வைத்துக் கொண்டாடினாள்.

இப்போது லட்சுமணசாமி வந்து நின்றார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, பாக்கெட்டில் இரண்டு பேனா. சைபர் சர்ட்டிபிகேட்டை வாங்கிப் படித்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால்கூட எழிலுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

“சரி, பாக்கலாம் அம்மணி” என்று சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போய்விட்டார்.

அந்தப் ‘பாக்கலாம்’ நல்லதுக்கு இல்லை என்று எழிலுக்குத் தெரிந்தது. வெளியூர்க்காரர்கள் அந்த வார்த்தையைக் கேட்டால் நம்பிக்கையோடு வீட்டுக்குப் போவார்கள். கொங்குநாட்டில் பிறந்தவர்களுக்கு அதன் அர்த்தம் தெரியும். பெண் கேட்டு வந்தவர்களிடம் சொல்வது, கடன் கேட்டு வந்த சொந்தக்கார ஒறம்பரையிடம் சொல்வது, தேர்தலுக்கு ஓட்டுக் கேட்டு வந்தவனிடம் சொல்வது எல்லாம் இதே ‘பாக்கலாமுங்க’தான். முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்லி ஒருவர் மனதை நோகடிக்கத் தெரியாத ஊர், இல்லை என்பதற்கு வைத்திருக்கும் பெயர் அது.

சைபரைத் தடுக்க ஒரு வரி போதும். எண் வராமல் சர்ட்டிபிகேட்டு அச்சாகக் கூடாது என்ற அந்த ஒரு வரியை முதலிலேயே போடாமல் விட்டதற்குத் தன்னைத் தானே நாலு வார்த்தை திட்டிக்கொண்டு, பத்தே நிமிடத்தில் போட்டு முடித்தாள். ஆனால் கேள்வி அது இல்லை. டெஸ்ட்டே நடக்காத கோனுக்கு ‘ஆச்சு’ என்று எப்படி வந்தது? புரோகிராமை வரி வரியாகப் பார்த்தாள். கோளாறு இல்லை. யாரோ பட்டனை அமுக்கியிருக்கிறார்கள். யார் என்பதையும் கம்ப்யூட்டரே பதிந்து வைத்திருந்தது.

ஆறுச்சாமி மிஷின் பக்கம் நின்றிருந்தார். ஐம்பதை நெருங்கிய மனிதர், நெற்றியில் திருநீறு, யாரிடமும் குரல் உயர்த்தாதவர். வேலை நடக்கக் கூப்பிடும்போது மட்டும் விதிவிலக்கு.

“ஏனுங்ணா, பீர் முகம்மது கோனுக்கு பலம் டெஸ்ட்டு ஆச்சுன்னு நீங்களா அமுக்குனீங்க?”

“ஆமாங்க அம்மணி. ஆச்சுங்களே.”

“எங்கீங்ணா ஆச்சு? கோன் எங்க இருக்குது?”

“ஏ.சி. ரூம்ல.”

நூல் காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடிக்கும். அதனால் ஒரே அளவு ஈரமும் குளிரும் உள்ள அறையில் ஒரு நாள் அதைச் சும்மா வைத்திருந்துவிட்டுத்தான், மிஷினில் மாட்டி அறுகிற வரைக்கும் இழுத்துப் பார்க்க வேண்டும். அந்தக் கோன் சும்மா இருக்கும் கட்டத்திலேயே இருந்தது.

“மிஷின்லயே மாட்டலீங்களே. அப்பறம் எப்படிங்ணா ஆச்சு?”

ஆறுச்சாமி அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். “ரூம்ல வெச்சாச்சுங்க. நாளைக்குக் காலைல எடுத்து மாட்டறதுதான பாக்கி. அப்பறம் என்ன, ஆன மாதிரித்தானுங்க?”

“அப்ப இல்லைன்னு அமுக்கியிருக்கலாமல்லங்க?”

“அதெப்படிங்க அம்மணி? மொதலாளி கேக்கறாப்பல ‘ஆச்சா?’ன்னு கேக்குது. மூஞ்சிக்கு நேரா இல்லைன்னா சொல்லுவாங்க? உங்க இங்கிலீசுல கேட்டிருந்தா நானு ரெண்டு தரம் ரோசனை பண்ணியிருப்பனுங்க. இது நம்மூர்ப் பேச்சுல கேட்டுப்போடுச்சு. வாய் பாட்டுக்கு வர்றது கை பாட்டுக்கு வந்துருச்சு.”

எழிலுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆறுச்சாமி மேல் இல்லை, தன் மேல்தான். கம்ப்யூட்டருக்கு நம்ம பேச்சைக் கற்றுக்கொடுத்தேன் என்று பெருமைப்பட்டுக்கொண்டவள், அந்தப் பேச்சுக்கு ஊரார் என்ன பதில் சொல்வார்கள் என்பதை யோசிக்காமல் விட்டுவிட்டாள். கேள்வி மட்டும் கொங்கு, பதில் மட்டும் இங்கிலீஷாக வர வேண்டும் என்றால் எப்படி வரும்?

சரி, வார்த்தைதானே பிரச்சினை, மாற்றிவிடலாம் என்று மறுநாள் ‘முடிஞ்சுதா?’ என்று போட்டாள். அது இதைவிட மோசமாகப் போனது. காலையில் வந்து சாமி படத்துக்கு ஊதுபத்தி காட்டிவிட்டுக் கம்ப்யூட்டரைப் போட்ட ஆறுச்சாமி, திரையைப் பார்த்ததும் கையை இழுத்துக்கொண்டார். “வெள்ளென வந்ததும் வராததுமா முடிஞ்சுதா, முடிஞ்சுதான்னா கேக்கறது? எழவு வீட்டுல கேக்கறாப்பல. நல்லாருக்குதுங்களா?” என்றார். அன்றைக்கு எந்தப் பட்டனையும் யாரும் தொடவில்லை. முடிந்த டெஸ்ட்டும் முடியாத டெஸ்ட்டும் ஒன்றாகத் தேங்கி நின்றன. சாயந்திரம் பொழுதோட கணக்குப் பார்த்தால் ஒரு சர்ட்டிபிகேட்டுகூட வெளியே போயிருக்கவில்லை. தானாக ஓட வேண்டிய லேப், தானாக நின்றுவிட்டது.

எழில் கணபதியில் தங்கியிருந்த ஹாஸ்டலுக்குப் போகாமல் லேபிலேயே உட்கார்ந்திருந்தாள். வெளிச்சம் இன்னும் போகவில்லை. தெருவில் லேத் பட்டறைகளின் சத்தம் ஒவ்வொன்றாக அடங்கிக்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமைக்கு இடையில் ஒரே ஒரு நாள். பேசாமல் இங்கிலீஷ் கேள்விகளையே போட்டுவிடலாம். பிழை வராது. ஆனால் அப்படிப் போட்டால் பெங்களூர் பேக்கேஜுக்கும் தன்னுடையதுக்கும் வித்தியாசம் அட்டையின் பளபளப்பு மட்டும்தான், அதில் அவர்கள்தான் ஜெயிப்பார்கள் என்று அவளுக்குத் தெரிந்தது.

மேசை மேலிருந்த போன் அடித்தது. லட்சுமணசாமி வீட்டிலிருந்து பேசினார்.

“அம்மணி, அந்தப் புரோகிராமு சரி பண்ணியாச்சா?”

“ஆச்சுங்க சார்” என்றாள் எழில்.

சொன்ன பிறகுதான் அவளுக்கே அது காதில் விழுந்தது. உண்மையில் ஆகவில்லை. என்ன செய்வதென்றே தெரியவில்லை. ஆனாலும் வாய் தயங்கவே இல்லை. கோபியில் பிறந்து வளர்ந்த வாய் அல்லவா? அவளுக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. இப்படியே போனை வைத்துவிடலாம். அவரும் நிம்மதியாகத் தூங்குவார். வெள்ளிக்கிழமை ஆடிட்டர் முன்னால் இரண்டு பேரும் முழிப்பார்கள்.

“இருங்க சார், வெச்சுராதீங்க” என்றாள். “ஆகலீங்க.”

லட்சுமணசாமியிடம் இப்படி ஒருவர் சொன்னது அதுதான் முதல் தடவையாக இருக்க வேண்டும். இல்லை என்ற சொல் அவர் காதுக்குப் பழக்கமில்லை. எழில் ‘பாக்கலாம் அம்மணி’க்காகக் காத்திருந்தாள்.

“ஆகலையா?” என்றார் அவர் கடைசியில். “அப்ப எங்க இருக்குது?”

“சைபர் வராம தடுத்தாச்சுங்க. அது கம்ப்யூட்டர்ல ஏறிருச்சு. ஆறுச்சாமியண்ணன் பட்டன் அமுக்கற எடம் இன்னும் என் தலைக்குள்ளதான் இருக்குதுங்க, பேப்பர்லகூட வரல.” சொல்லிக்கொண்டே வந்தவள் சட்டென்று நிறுத்தினாள். “சார், இப்ப என்னங்க கேட்டீங்க?”

“எங்க இருக்குதுன்னு கேட்டேன்.”

“அதேதானுங்க சார்! அதேதான். நாளைக்குப் பொழுதோட காட்டறனுங்க” என்று சொல்லி, முதலாளி வைப்பதற்கு முன்பே போனை வைத்துவிட்டாள். அதற்காக அப்புறம் ரொம்ப நேரம் வெட்கப்பட்டாள்.

அவள் இத்தனை நாள் கேட்டுக்கொண்டிருந்தது மனிதர்களைச் சங்கடப்படுத்தும் கேள்வி. ஆச்சா என்று கேட்டால் ஆச்சு என்றுதான் மரியாதை தெரிந்தவன் சொல்வான். எங்கே இருக்கிறது என்று கேட்டால் அதில் யாருக்கும் சங்கடம் இல்லை. தன் கண்ணெதிரே பரணில் இருக்கும் பெட்டியை அடுப்படியில் இருக்கிறது என்று மரியாதைக்காக யாரும் சொல்ல மாட்டார்கள்.

மறுநாள் முழுக்க உட்கார்ந்து, வேலை ஓடும் பாதையையே மாற்றி எழுதினாள். இனி எந்த டெஸ்ட்டுக்கும் ‘ஆச்சா?’ கிடையாது. ‘எங்கே இருக்குது?’ என்பது ஒன்றுதான் கேள்வி. மேசையிலா, ஏ.சி. ரூமிலா, மிஷினிலா? கோன் ரூமுக்குள் போன நேரத்தை வைத்து, எப்போது எடுக்க வேண்டும் என்று கம்ப்யூட்டரே கணக்குப் போடும். பார்ட்டி போன் செய்தால் என்றைக்குக் கிடைக்கும் என்று திரையைப் பார்த்தே சொல்லிவிடலாம். மிஷினிலிருந்து எண் வந்து விழுந்தால் மட்டும் அதுவே ஆச்சு என்று எழுதிக்கொள்ளும். ஆச்சு என்று சொல்லும் அதிகாரத்தை மனிதர்களிடமிருந்து வாங்கி எண்ணுக்குக் கொடுத்துவிட்டாள். சாயந்திரம் சொன்னபடி லட்சுமணசாமிக்குக் காட்டினாள். அவர் பார்த்தார், “ம்” என்றார், போய்விட்டார். ஆறுச்சாமியிடம் கொடுத்தபோது அவர் இரண்டு கோனுக்குப் பதில் அமுக்கிப் பார்த்துவிட்டு, “இது ரோதனை இல்லாத நாயமுங்க, பதில் சொல்லச் சங்கடமே இல்லீங்க” என்றார்.

வெள்ளிக்கிழமை ஆடிட்டர் கிருபாசங்கர் வந்தார். சென்னைக்காரர், கழுத்தில் டை, சர்க்கரை இல்லாத காபி. எல்லாவற்றையும் சந்தேகத்தோடு பார்ப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவர். எழில் நல்ல புடவை ஒன்றைக் கட்டிக்கொண்டு கம்ப்யூட்டர் பக்கத்தில் நின்றாள். அவளுக்குப் பயம் இல்லை. பயப்பட வேண்டிய இடத்தையெல்லாம் புதன்கிழமையே தாண்டியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டாள்.

கிருபாசங்கர் மேசையிலிருந்த சிட்டைகளில் ஒரு நம்பரைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு நேரே ஆறுச்சாமியிடம் போனார். “இந்த சாம்பிளுக்கு ஸ்ட்ரெங்த் டெஸ்ட் ஆயிடுச்சா?”

ஆறுச்சாமி கை இரண்டையும் முன்னால் கோத்துக்கொண்டார். “ஆச்சுங்க சார்.”

லட்சுமணசாமி கண்ணை மூடிக்கொண்டார். ஆடிட்டர் திரும்பி வந்து திரையைப் பார்த்தார். ஏ.சி. ரூம், நாளைக் காலை மிஷினுக்கு என்று இருந்தது.

“அவர் ஆச்சுங்கறார். உங்க கம்ப்யூட்டர் ஆகலைங்குது. நான் யாரைம்மா நம்பறது?” என்று எழிலிடம் கேட்டார்.

“அண்ணனைத்தானுங்க சார் நம்போணும்” என்றாள் எழில். “நீங்க அந்தச் சாம்பிள் எங்க இருக்குதுன்னு அவர்கிட்ட கேட்டுப் பாருங்க.”

ஆடிட்டர் புருவத்தை உயர்த்தினார். ஆனாலும் கேட்டார்.

“ஏ.சி. ரூம்ல, கதவுக்குப் பக்கத்துத் தட்டுல இருக்குதுங்க” என்றார் ஆறுச்சாமி ஒரு நொடிகூட யோசிக்காமல். “நேத்து மத்தியானம் வெச்சதுங்க. நாளைக்குக் காலைலதான் மிஷினுக்கு எடுக்கோணும்.”

கிருபாசங்கர் நேரே போய், அறைக் கதவைத் திறந்து, தட்டில் இருந்த கோனின் நம்பரைப் படித்துவிட்டு வந்தார். பிறகு இன்னும் நாலைந்து நம்பர்களைக் கேட்டார். வேண்டுமென்றே சோதனை முடியாத ஒன்றுக்குச் சர்ட்டிபிகேட்டு அடிக்கச் சொன்னார். பலம் இன்னும் வரவில்லை என்று சொல்லிக் கம்ப்யூட்டர் மறுத்துவிட்டது. அவர் உதட்டோரத்தில் சிரிப்பு எட்டிப் பார்த்தது.

“மத்த இடத்துல எல்லாம் முடிஞ்சுதா, முடியலையான்னுதான் போட்டிருப்பாங்க” என்றார். “எல்லாமே முடிஞ்சுதுன்னுதான் இருக்கும். நான் நம்பவே மாட்டேன். இதை நம்பலாம்.”

அவர் தலையாட்டிவிட்டுப் போனதும் லேபில் எல்லோரும் எழிலைப் பார்த்தார்கள். லட்சுமணசாமி மட்டும் தன் அறைக்குப் போனார். ஆடிட்டர் ஒத்துக்கொண்டது லேபை. எழிலை ஒத்துக்கொள்ள வேண்டியவர் இன்னும் வாயைத் திறக்கவில்லை. பெங்களூர் புத்தகம் அவர் மேசையில் அப்படியேதான் இருந்தது. திறந்த கதவு வழியாக அவளுக்கு அது தெரிந்தது.

அப்போது அந்த அறையில் போன் அடித்தது.

“ஆமாங்க, லட்சுமணசாமிதான் பேசறேன். ஓ, பெங்களூரிலிருந்துங்களா? சொல்லுங்க. புஸ்தகம் பாத்தனுங்க, ரொம்ப அழகா இருக்குதுங்க. ஆமாங்க, ஆடிட்டு இன்னைக்குத்தானுங்க. ஆமாங்க, ரெண்டு மில்லுக்கும் சேத்து வேணுமுங்க.” எழில் கதவை நோக்கி ஒரு அடி நகர்ந்தாள். அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, குரலில் இருந்த அத்தனை மரியாதையையும் ஒன்றுதிரட்டிச் சொன்னார்: “பாக்கலாமுங்க.”

பெங்களூரில் அந்த ஆள் சந்தோஷமாகத்தான் போனை வைத்திருப்பார். பாவம், அவருக்கு யார் மொழிபெயர்த்துச் சொல்வது? எழிலுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சத்தம் போட்டுச் சிரித்துவிடாமல் இருக்கப் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். கண் கலங்கிவிட்டது. டைப் வகுப்புக்கு இனி வேறு யாரையாவது பாலுசாமி தேடிக்கொள்ள வேண்டியதுதான்.

ஆறுச்சாமி மெதுவாக அருகில் வந்தார். “என்னுங்க அம்மணி, மொதலாளி என்ன சொன்னாரு? நம்ம வேலை ஆச்சுங்களா?”

“ஆச்சுங்ணா.”

அவர் நம்பாமல் தலையைச் சாய்த்தார். “ஆச்சுங்கறது கெடக்கட்டும் கண்ணு. எங்க இருக்குதுன்னு சொல்லு.”

“நம்மகிட்டத்தான் இருக்குதுங்ணா” என்றாள் எழில்.